நுரையீரலில் இரத்தக்கட்டி: எந்த ஸ்கேன், எந்த மருந்து, பிள்ளை பிறந்த பிறகு ஊசியா குளிசையா?

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் வேலை செய்யும் எனக்கு, பிள்ளை பெற்ற வீட்டாரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. டொக்டரின் துண்டைக் கண்ணாடி மேசையில் வைப்பார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் எனொக்சபரின் ஊசி, நாளுக்கு இரண்டு, ஆறு கிழமைக்கு. கணவன் அதை ஒருதரம் வாசித்துவிட்டு, "அண்ணை, ஊசிதான் கட்டாயமா? இதையே குளிசையாத் தரமாட்டினமா?" என்று கேட்பார்.

நியாயமான கேள்விதான். பதில், பிள்ளை இன்னும் வயிற்றில் இருக்கிறதா, பிறந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. வயிற்றில் இருக்கும்வரை தெரிவு என்று சொல்ல அதிகம் இல்லை. பிறந்த பிறகு உண்மையாகவே இரண்டு வழி திறக்கிறது. அதில் எதை எடுப்பது என்பதைக் கொழும்பில் தீர்மானிப்பது பெரும்பாலும் மருந்தின் குணமல்ல. தாயும் பிள்ளையும் அடுத்த ஆறு கிழமை எந்த ஊரில், யாருடைய கையில் இருக்கப் போகிறார்கள் என்பதே. மருந்தை எழுதுவதும் மாற்றுவதும் டொக்டரின் வேலை. ஆனால், "உங்களுக்கு எது வசதி?" என்று அவர் கேட்கும்போது வீட்டார் முழிக்காமல் இருந்தால் நல்லது.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் இரத்தம் இலகுவாக உறையும் நிலைக்கு மாறுகிறது. பிள்ளைப்பேற்றில் அளவுக்கு மீறி இரத்தம் போகாமலிருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஃபைப்ரினோஜனும் எட்டாம் உறைதல் காரணியும் கூடும். உறைதலை அடக்கிவைக்கும் புரதம் எஸ் குறையும். பெருத்த கருப்பை இடுப்பு நாளங்களை அழுத்துவதால் காலிலிருந்து இரத்தம் மேலே ஏறத் தாமதிக்கும். இடுப்புக்குள் இடப்பக்க நாளத்துக்கு மேலாக வலப்பக்க நாடி குறுக்கே ஓடுவதால், கர்ப்பிணிகளுக்குக் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வரும். அந்தக் கட்டி கழன்று, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரல் நாடியில் போய் அடைப்பதுதான் ஆபத்து.

ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்று, இரண்டில் காலிலோ நுரையீரலிலோ இப்படிக் கட்டி வரும். கர்ப்பமில்லாத அதே வயதுப் பெண்ணைவிடக் கர்ப்பிணிக்கு 4, 5 மடங்கு வாய்ப்பு அதிகம். பலருக்குத் தெரியாதது அடுத்தது: மிக ஆபத்தான காலம் பிள்ளை பிறந்த பிறகு வரும் ஆறு கிழமை, அதிலும் முதல் மூன்று. கொஞ்ச ஆபத்து 12ஆம் கிழமை வரையும் இழுபடும். எல்லாரும் பிள்ளையைப் பார்க்க வந்து போகும் நாட்கள் அவை. தாயின் மூச்சை யாரும் கவனிப்பதில்லை.

சனல் பண்ணுவதா, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா

கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் எதுவும் இல்லாமலே மூச்சு வாங்கும். அது மெல்ல மெல்லத் தொடங்கும், மாடிப்படி ஏறினால் கூடும், உட்கார்ந்தால் தணியும். இரத்தக்கட்டி பெரும்பாலும் திடீரென்று வரும். ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சிலோ விலாவிலோ குத்தும், சும்மா இருக்கும்போதே இதயம் படபடக்கும், சிலருக்கு இருமலில் இரத்தம் வரும், சிலர் தலை சுற்றி விழுவார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நோவதும் இதோடு சேர்த்தி. பிள்ளை பிறந்த பிறகு புதிதாக மூச்சுத் திணறினால், "வயிறு பெருத்திருக்கு, அதுதான்" என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

கொழும்பில் நமக்குப் பழகிப்போன வழி, பின்னேரம் பெரிய டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணுவது. மற்ற எத்தனையோ விஷயங்களுக்கு அது சரி. இதற்குச் சரிவராது. சனல் அறையில் ஒரு மேசையும் ஒரு கட்டிலும் இருக்கும். ஒட்சிசனும் இரவு ஸ்கேனும் இருக்காது. இலக்கம் 27 என்று வாங்கிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கதிரையில் காத்திருந்து, கடைசியில் அவரும் "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றுதான் சொல்வார். நேரே அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போவதே புத்தி. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு காலி வீதி நெரிசலில் நிற்பதைவிட 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஒட்சிசனோடு வரும். சிங்களத்தில் சொல்லத் தடுமாறுபவர்கள் "ஹுஸ்ம கன்ன அமாருயி" என்ற ஒரு வசனத்தையாவது பாடமாக்கி வைத்திருங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டம் என்று அர்த்தம். கூடவே, பிள்ளை பிறந்து எத்தனை நாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் வாசலிலேயே டொக்டரின் யோசனையை மாற்றிவிடும்.

காசல் வீதி, டி சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில் பதிந்திருப்பவர்கள் அங்கே போவதா, தேசிய வைத்தியசாலைக்குப் போவதா என்று கேட்பார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தாலும், இப்போதுதான் வீட்டுக்குத் துண்டு வெட்டி வந்திருந்தாலும் பதிந்த இடத்தில் உங்கள் விவரம் இருக்கிறது; அது பெரிய வசதி. மயங்கி விழும் அளவுக்கு நிலைமை மோசமென்றால் யோசிக்க நேரமில்லை, கிட்ட இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். ஒரு இடத்தில் சேர்த்து ஸ்கேனுக்கு வேறொரு இடத்துக்கு அனுப்பினால் கோபப்படாதீர்கள்.

ஸ்கேன்: சிடியா, மற்றதா, காலை மட்டும் பார்ப்பதா

ஸ்கேனுக்கு முன்னமே ஊசியைப் போட்டுவிடுகிறார்களே, நோய் இருப்பது உறுதியாகவில்லையே என்று சிலர் சண்டைக்குப் போவார்கள். சந்தேகம் பலமாக இருந்து, இரத்தப்போக்குப் போன்ற தடை எதுவும் இல்லையென்றால், முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்குவதுதான் முறை. இதற்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1960இல் வெளியானது; இங்கிலாந்தின் பிரிஸ்டலில், நுரையீரலில் கட்டி வந்த 35 நோயாளரை வைத்துச் செய்தது. ஹெப்பரின் வகை மருந்து (எனொக்சபரினும் அந்த வகைதான்) கொடுக்கப்படாத 19 பேரில் 5 பேர் கட்டியாலேயே இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூடக் கட்டியால் இறக்கவில்லை. அவர்கள் கர்ப்பிணிகள் அல்ல. இருந்தாலும் மருந்தில்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஒரு நாள் ஊசி வீணாய்ப் போனால் போகட்டும்.

தனியார் லாப்பில் தாங்களே டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, எண் கூடுதலாக இருக்கிறது என்று பதறி வருபவர்களும் உண்டு. கர்ப்பத்தில் அந்த எண் தானாகவே கூடும். பிள்ளை பிறந்தவுடனும் கூடுதலாகவே இருக்கும். தனியாக அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2019இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, மூன்று அறிகுறிக் கேள்விகளையும் டி-டைமரையும் சேர்த்துப் பார்த்தால் கர்ப்பிணிகளில் 39 வீதமானவர்களுக்குச் சிடி இல்லாமலே கட்டி இல்லை என்று சொல்லிவிடலாம் என்று காட்டியது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு அந்த லாபம் 32 வீதமாகக் குறைந்தது. எல்லா டொக்டர்மாரும் இந்த வழியை ஏற்கவில்லை; பிரித்தானிய வழிகாட்டி 2015இலேயே கர்ப்பத்தில் டி-டைமர் வேண்டாம் என்று சொன்னது.

காலும் வீங்கியிருந்தால் காலுக்கு அல்ட்ரா சவுண்ட் செய்வதுதான் முதல் தெரிவு. கதிர்வீச்சு இல்லை. காலில் கட்டி தெரிந்தால் நெஞ்சு ஸ்கேன் இல்லாமலே சிகிச்சையைத் தொடரலாம், மருந்து ஒன்றுதானே. ஆனால் கால் ஸ்கேன் சுத்தம் என்றால் நுரையீரலும் சுத்தம் என்று எடுக்க முடியாது. டெனிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2017இல் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சு அடைத்தபோது, தனக்கு முன்பும் கட்டி வந்திருப்பதால், சிடி எடுங்கள், ஹெப்பரின் ஏற்றுங்கள் என்று அவரே கேட்டார். முதலில் காலுக்கு ஸ்கேன் செய்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு சிடி எடுத்தபோது நுரையீரலில் சிறு சிறு கட்டிகள். உலகப் புகழ்பெற்றவருக்கே வாதாட வேண்டியிருந்தது என்பதை நம் பெண்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

நெஞ்சைப் பார்க்க இரண்டு ஸ்கேன் இருக்கின்றன. ஒன்று, நாளத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் சிடி. மற்றது, கொஞ்சம் கதிரியக்கப் பொருளைக் கொடுத்து நுரையீரலில் காற்றும் இரத்தமும் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்கும் வி-கியூ ஸ்கேன். பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதுதான் எல்லாருடைய முதல் பயமும். இரண்டிலுமே வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிகிரேக்கும் குறைவு. பிள்ளைக்குக் குறைபாடு வரும் என்று கவலைப்படத் தொடங்கும் எல்லை 50. ஒன்பது மாதத்தில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயல்பாகவே கிடைப்பதோடு ஒப்பிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் தாயின் பக்கத்தில்தான். சிடியில் மார்புக்குப் போகும் கதிர்வீச்சு வி-கியூவைவிடப் பல மடங்கு அதிகம். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் மார்புத் திசு அதற்குக் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியது. பிள்ளைக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு வி-கியூவில் ஒரு துளி கூடுதல் என்று சொல்வார்கள். இரண்டுமே மிகச் சிறிய அபாயங்கள். மறுபக்கம், சிடி இரவிலும் சில நிமிடத்தில் முடியும். நிமோனியா, நெஞ்சுக்குள் நீர் போன்ற வேறு காரணங்களையும் காட்டும். எக்ஸ்ரேயில் ஏற்கெனவே ஏதும் கோளாறு தெரிந்தால் வி-கியூ தெளிவாகப் பதில் சொல்லாது. பால் கொடுப்பவருக்கும் சிடி வசதி: சாயம் ஏற்றிய பிறகும் தொடர்ந்து பால் கொடுக்கலாம். வி-கியூவுக்குப் பிறகு சில மணித்தியாலம் பாலைப் பிழிந்து ஊற்றச் சொல்வார்கள்.

என் அபிப்பிராயம்: எக்ஸ்ரே சுத்தமாக, தாய் நிலையாக, வி-கியூ அன்றைக்கே கிடைக்குமென்றால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். கொழும்பில் சிடி இயந்திரம் பல இடத்தில் உண்டு. அணுமருத்துவப் பிரிவு சில இடத்தில்தான். ஆகவே நடைமுறையில் சிடிதான் வரும். கிடைக்கும் ஸ்கேனை ஏற்றுக்கொள்ளுங்கள். "கதிர் பட்டால் பிள்ளைக்குக் கூடாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது

இங்கே ஒப்பீடு சீக்கிரம் முடிந்துவிடும். எனொக்சபரின் போன்ற ஊசி நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது. அதே வேலைக்குக் கொடுக்கும் வார்ஃபரின் குளிசை போகும். ஆறாம் கிழமையிலிருந்து பன்னிரண்டாம் கிழமைக்குள் பிள்ளையின் மூக்கையும் எலும்பையும் பாதிக்கும், பிறகும் பிள்ளைக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு; அதை அவர்களுடைய இதய டொக்டர்தான் பார்க்க வேண்டும். "மாமாவுக்கு ஒரு புதுக் குளிசை குடுக்கினம், ரத்தப் பரிசோதனையும் தேவையில்லையாம்" என்று சிலர் சொல்வது ரிவரொக்சபான், அபிக்சபான் வகை. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் அவற்றைக் கொடுப்பதில்லை. மாமாவின் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது.

நாளுக்கு இரண்டு ஊசியா, ஒன்றா என்பதில் மட்டும் கொஞ்சம் இடமுண்டு. கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை, அல்லது 1.5 மில்லிகிராம் வீதம் ஒரு வேளை. டொக்டர்மார் சிலர் கர்ப்பத்தில் இரண்டு வேளையை விரும்புவார்கள், ஏனென்றால் சிறுநீரகம் மருந்தை வேகமாக வெளியேற்றும். ஊசிக்குப் பயந்தவருக்கு ஒரு வேளை ஆறுதல். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, நீங்களாகக் குறைப்பது தவறு.

மறைக்கக் கூடாத ஒன்று: எனொக்சபரின் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. மருதானை, தெமட்டகொடைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும், சுத்த சைவக்காரரும் இதைப் பின்னால் அறிந்து மனம் வருந்துவதைக் கண்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் அனுமதி உண்டு என்பது மார்க்க அறிஞர் பலரின் நிலைப்பாடு. முழுக்கச் செயற்கையாகச் செய்யப்படும் ஃபொண்டபரினக்ஸ் என்ற ஊசியும் இருக்கிறது. ஆனால் கர்ப்பத்தில் அதைப் பற்றிய அனுபவம் குறைவு, கொஞ்சம் நச்சுக்கொடியைத் தாண்டவும் செய்யும். ஹெப்பரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கே வழக்கமாகக் கொடுப்பார்கள். மனத்தில் உறுத்தல் இருந்தால் டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் ஊசியை நிறுத்திவிடுவதுதான் பயங்கரம்.

பேறு நெருங்கும்போது ஒரு விதி: வலி தொடங்கினாலோ இரத்தம் பட்டாலோ அடுத்த ஊசியைப் போடாமல் வாட்டுக்குப் போக வேண்டும். முழு அளவு ஊசி போட்டு 24 மணித்தியாலம் கழியாமல் முதுகில் ஊசி போட்டு விறைக்கப்பண்ண முடியாது. நாள் குறித்துப் பேறு பார்த்தால் இந்த நேரக்கணக்கைச் சரியாக வைக்கலாம் என்பதால் டொக்டர் அதை விரும்பக்கூடும். கட்டி வந்ததற்காகவே சிசேரியன் செய்ய வேண்டும் என்பதில்லை.

பிள்ளை பிறந்த பிறகு: ஊசியைத் தொடர்வதா, வார்ஃபரினுக்கு மாறுவதா

சிகிச்சை பேற்றுக்குப் பிறகு குறைந்தது ஆறு கிழமை, எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்குக் குறையாமல். எட்டாம் மாதத்தில் கட்டி வந்தவருக்கு ஆறு கிழமை போதாமல் போகலாம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். "பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பத்து நாள்தானே போட்டவை?" அவருக்குக் கட்டி வரவில்லை, சிசேரியனுக்குப் பிறகு வராமல் தடுக்கக் கொடுத்த சிறிய அளவு அது, பெரும்பாலும் 40 மில்லிகிராம் ஒரு வேளை. வந்த கட்டிக்கு மருந்து வேறு அளவு, வேறு காலம்.

ஊசியும் வார்ஃபரினும் இரண்டுமே பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானவை. பலர் வார்ஃபரின் என்றதும் பாலை நிறுத்திவிடுகிறார்கள். தேவையில்லை. பாலில் அது போவது கணக்கில் எடுக்க முடியாத அளவு.

ஊசியின் பலம், அளவு மாறாது என்பது. எடையைப் பார்த்து ஒருமுறை கணக்கிட்டால் போதும். பெரும்பாலானோருக்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லை. என்ன சாப்பிட்டாலும் மருந்தின் வேலை மாறாது. பலவீனம், தினமும் குத்த வேண்டும், விலையும் குத்தும். நாளுக்கு இரண்டு என்றால் ஆறு கிழமைக்கு 84 ஊசி. அரச கிளினிக்கில் இருப்பு இருந்தால் இலவசம். இல்லாவிட்டால் வெளியே வாங்க எழுதித் தருவார்கள். 2022 நெருக்கடியில் மருந்துக்கு அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாதத்துக்கு என்ன செலவாகும் என்று இரண்டு மூன்று பாமசியில் கேட்டுவிட்டே டொக்டரோடு பேசுங்கள்.

ஊசி போடப் பழகுவது நினைப்பதைவிட இலகு. கணவனுக்கோ அக்காவுக்கோ ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும். படுத்தோ சாய்ந்தோ இருந்து, தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, வயிற்றுத் தோலை மடித்துப் பிடிக்க வேண்டும். சிறிஞ்சுக்குள் இருக்கும் சின்னக் காற்றுக்குமிழியை வெளியே தள்ளக் கூடாது; அதோடு மருந்தும் போய்விடும். நேரே உள்ளே விட்டு, மெல்ல அழுத்தி, ஊசி வெளியே வந்த பிறகுதான் மடிப்பை விட வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கண்டிப்போகும். அடுத்த வேளை மற்றப் பக்கம். சிசேரியன் வெட்டுக்குக் கிட்டப் போடப் பயமென்றால் தொடையில் போடலாமா என்று மிஸியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை 25 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். கொழும்பு வெக்கையில் அது சிரமம்தான். ஆறு கிழமைக்கும் ஒரேயடியாக வாங்கிக் குசினி அலுமாரியில் அடுக்காமல், கிழமைக்குக் கிழமை வாங்குங்கள். ஃப்ரீசரில் போடக் கூடாது. பாவித்த ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு கிளினிக்கில் கொடுங்கள். மாநகரசபைக் குப்பை அள்ளுபவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

வார்ஃபரினின் பலம் மலிவும், குத்தல் இல்லாமையும். பன்றிக் கேள்வியும் இல்லை. ஆனால் பேறு நடந்து ஐந்து நாளாவது கழிந்துதான் தொடங்குவார்கள், உடனே தொடங்கினால் இரத்தப்போக்கு ஆபத்து. தொடங்கினாலும் ஊசி உடனே நிற்காது. குளிசை வேலை செய்யக் குறைந்தது ஐந்து நாள் வேண்டும். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனை 2ஐத் தாண்டி நிலைக்கும்வரை இரண்டும் சேர்ந்தே போகும். பிறகு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றிரண்டு நாளுக்கொருமுறை, பிறகு கிழமைக்கொருமுறை, சீரானால் இன்னும் தள்ளி. வெட்டுக்காயத்தோடு, பால் குடிக்கும் பிள்ளையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, விடிய எழும்பி இரத்தம் கொடுக்கப் போக வேண்டும். ஆறு கிழமைக்குத்தான் சிகிச்சை என்றால், ஐஎன்ஆர் சீராகும்போதே காலம் பாதி போய்விடும்.

அதைவிடப் பெரிய தலையிடி, நம் வீடுகளின் பத்தியம். வார்ஃபரின் விற்றமின் கே-யோடு மோதும். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை போன்ற இலைவகைகளில் அது நிறைய. கீரையைத் தவிர்க்கச் சொல்வதில்லை. கிழமைக்குக் கிழமை ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்வார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் அதுதானே நடக்காது? முதல் பத்து நாள் ஒரு சாப்பாடு, பிறகு சரக்குக்கறி, பிறகு பால் சுரக்க முருங்கையிலை என்று சாப்பாடு மாறிக்கொண்டே போகும். ஐஎன்ஆரும் கூடவே ஆடும். கறியில் போடும் உள்ளி, மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். சிறங்கைக் கணக்கில் இடித்து மருந்தாகக் கொடுப்பதையும், பெயர் தெரியாத லேகியத்தையும் டொக்டரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் எந்த மருந்து எடுத்தாலும் கூடாது. உடம்பு வறண்டால் இரத்தம் உறைவதற்கு அதுவே ஒரு காரணம். நாற்பது நாளும் பாயிலேயே படுத்திருப்பதும் அப்படித்தான். வீட்டுக்குள் நடக்க விடுங்கள்.

மற்ற மருந்துகளும் இருக்கின்றன. காயம் சீழ் பிடித்தால் கொடுக்கும் மெட்ரொனிடசோல், மார்புக் காம்பில் பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் ஃப்ளுகொனசோல் இரண்டும் ஐஎன்ஆரைச் சடாரென்று ஏற்றிவிடும். டைக்குளோஃபெனாக் வலி மருந்து ஊசியோடும் கூடாது, வார்ஃபரினோடும் கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும். சிசேரியன் வலிக்கு அதையே மலவாயிலில் வைக்கும் மருந்தாகத் தந்திருப்பார்கள். ஆகவே துண்டு வேறு, டொக்டர் வேறு என்றிருக்கும்போது இரண்டையும் ஒரே பாமசியில் காட்டுங்கள். பரசிற்றமோல் பெரும்பாலும் போதும்.

என்னைக் கேட்டால்: ஆறு கிழமைச் சிகிச்சைக்கு, செலவைத் தாங்க முடியுமென்றாலோ கிளினிக்கில் கிடைக்குமென்றாலோ, ஊசியைத் தொடர்வதே நிம்மதி. மூன்று, ஆறு மாதம் என்று நீளுமானால், கொழும்பிலேயே இருக்கப் போகிறார், கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஆளிருக்கிறது என்றால் வார்ஃபரின் அர்த்தமுள்ளது. மாதம் முழுக்க ஊசிக்குக் கடன் வாங்கி, பாதியில் நிறுத்தும் நிலை வருமென்றால் முதலிலேயே வார்ஃபரினுக்கு மாறுவது நல்லது. பாதியில் நின்றுபோகும் நல்ல மருந்தைவிட, கடைசிவரை எடுக்கக்கூடிய மருந்து மேல்.

யாழ்ப்பாணம் போவதா, அம்மாவைக் கொழும்புக்கு அழைப்பதா

இந்தக் கேள்வி மருந்துத் துண்டில் இருக்காது, ஆனால் முடிவையே புரட்டிவிடும். கொழும்பில் பிள்ளை பெற்று, துடக்குக் கழிக்கவும் பராமரிப்புக்கும் தாய்வீட்டுக்குப் போவது பலருடைய வழக்கம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலமளவு காலைத் தொங்கப்போட்டு, இறங்க வேண்டி வருமென்று தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணமே கட்டி வரும் காரணிகளில் ஒன்று. கட்டி வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் அப்படிப் போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அம்மா கொழும்புக்கு வந்து நிற்பது எல்லாவற்றிலும் நல்லது. வெள்ளவத்தை ஃப்ளாட்டில் இடமில்லை, அப்பாவைத் தனியே விட முடியாது என்றெல்லாம் சொல்வார்கள், தெரியும். போயே ஆக வேண்டுமென்றால், ஊசியில் இருப்பவருக்குப் பயணம் இலகு: மருந்தும் கடிதமும் கையில் இருந்தால் சரி. வார்ஃபரினில் இருப்பவர் ஐஎன்ஆர் நிலைத்த பிறகே புறப்பட வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் அடுத்த பரிசோதனைக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொண்டு போக வேண்டும். பஸ்ஸைவிடப் பகல் ரயில் மேல், எழுந்து நடக்கலாம். எந்த ஊரானாலும், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கட்டி வந்த விஷயத்தை முதல் நாளே சொல்லுங்கள். அவர் பிள்ளையின் தொப்புளைப் பார்க்கும்போது தாயின் காலையும் பார்ப்பார்.

ஆறாம் கிழமைக் கிளினிக்கில் கருத்தடை பற்றிக் கேட்பார்கள். ஈஸ்ட்ரஜன் சேர்ந்த வழக்கமான குளிசை இவர்களுக்குக் கூடாது; லூப், கருத்தடை ஊசி, கையில் வைக்கும் இம்ப்ளான்ட் போன்றவற்றில் எது பொருந்தும் என்று அங்கே பேசி எடுக்கலாம். வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது இன்னும் அவசரம், அந்தக் குளிசையோடு கரு தங்கக் கூடாது. பால் கொடுப்பதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள், ஃபோனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மாதவிடாய் தள்ளிப்போய்ப் பரிசோதனையில் கரு உறுதியானால், மூன்றாம் மாதம் பதியப் போகலாம் என்று இருக்காமல் அந்தக் கிழமையே அந்தக் காட்டோடு டொக்டரிடம் போக வேண்டும். கட்டி வராமல் தடுக்கும் ஊசியை முதல் மாதங்களிலேயே தொடங்கவேண்டி வரும்.